பூர்வீகச் சொத்தும் சுயசம்பாத்தியமும்: குடல் கிருமியின் ஜீனோமைப் படிப்பது எப்படி

2002-ல் மூன்று ஈ. கோலை பாக்டீரியாக்களின் ஜீனோமை, அதாவது மொத்த டிஎன்ஏ-வையும், அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஒன்று, ஆய்வகங்களில் பல்லாண்டுகளாக வளர்க்கப்படும் சாதுவான கே-12. இன்னொன்று, ரத்தபேதியையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும் ஓ157:எச்7. மூன்றாவது, சிறுநீர்ப்பாதையில் தொற்றும் வகை. மூன்றிலும் உள்ள புரதங்களை எல்லாம் ஒரே பட்டியலாகச் சேர்த்தபோது, மூன்றுக்கும் பொதுவாக இருந்தவை 39 சதவீதம்தான். பெயர் ஒன்று, இனம் ஒன்று, ஆனால் வீட்டுச் சாமான்களில் பாதிக்கு மேல் வேறு வேறு.

குடல் நோய்க்கிருமிகளைப் படிக்க உட்காரும் யாரும் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ஒரு பாக்டீரியாவின் ஜீனோமுக்குள் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. தாய் செல்லிலிருந்து மகள் செல்லுக்குத் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது பூர்வீகச் சொத்து. வழியில் ஒரு வைரஸிடமிருந்தோ பக்கத்திலிருந்த வேறு பாக்டீரியாவிடமிருந்தோ வாங்கிக்கொண்டது சுயசம்பாத்தியம். நோயை உண்டாக்கும் ஆயுதங்கள் பெரும்பாலும் இரண்டாவது கணக்கில்தான் இருக்கும். இரண்டையும் ஒரே மரத்தில் போட்டுக் குழப்பினால், மரமும் தப்பாகும், ஆயுதம் எப்போது வந்தது என்கிற கதையும் தப்பாகும். தனித்தனியாகப் படித்துவிட்டு, அப்புறம் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள் என்பதுதான் நான் இங்கே சொல்லப்போவது.

உயிருள்ள கிருமி எதையும் நீங்கள் தொட வேண்டியதில்லை. பொதுவில் கிடைக்கும் ஜீனோம் வரிசைகளும், லினக்ஸ் ஓடும் ஒரு கணினியும், கொஞ்சம் பொறுமையும் போதும். கீழே நான் எழுத்து என்று சொல்லும் இடமெல்லாம் டிஎன்ஏ-வின் ஏ, டி, ஜி, சி எழுத்துகளைச் சொல்கிறேன்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் கேள்வியை எழுதி வையுங்கள். இந்தக் கிருமி யாருடைய சொந்தம்? இது எதைச் சுமந்துகொண்டிருக்கிறது? இதன் கூட்டம் எப்போது பிரிந்தது? இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள், மூன்றுக்கும் வேண்டிய தரவும் வேறு. உதாரணமாக, எப்போது என்று கேட்பதானால் ஒவ்வொரு மாதிரியும் எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்று தெரிந்தாக வேண்டும். ஆண்டு இல்லாத மாதிரியை வைத்துக் காலத்தைக் கணிக்க முடியாது. யாரிடமிருந்து எடுத்தது, மனிதனா மாடா தண்ணீரா என்பதும் அதே அளவு முக்கியம்.

அடுத்தது ஒப்பிட யாரை வைத்துக்கொள்வது என்பது. அமெரிக்காவின் என்சிபிஐ, ஐரோப்பாவின் ஈஎன்ஏ ஆகிய களஞ்சியங்களில் லட்சக்கணக்கான ஜீனோம்கள் இருக்கின்றன, ஈ. கோலை, சால்மொனெல்லா போன்றவற்றுக்கென்றே என்டரோபேஸ் என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் இறக்கிக் குவிக்காதீர்கள். உங்கள் கிருமிக்கு நெருங்கிய சொந்தம் கொஞ்சம், தூரத்துச் சொந்தம் கொஞ்சம், மரத்தின் வேர் எந்தப் பக்கம் என்று காட்டுவதற்குக் குடும்பத்துக்கு வெளியே ஒன்று. நெருங்கியவர்களை மட்டும் வைத்தால் எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்கள் போலத் தெரிவார்கள், தூரத்தவர்களை மட்டும் வைத்தால் உங்கள் கிருமி தனித்து நிற்பது போலத் தோன்றும். இரண்டுமே நீங்கள் மாதிரி எடுத்த விதத்தால் வந்த தோற்றம், கிருமியின் குணம் இல்லை.

மாதிரி சுத்தமா என்று பாருங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

வரிசைக் கருவி ஜீனோமைத் துண்டு துண்டாகத்தான் படிக்கும். அந்தத் துண்டுகள் அடங்கிய வரிசைக் கோப்பு கையில் வந்ததும் ஃபாஸ்ட்க்யூசி என்கிற மென்பொருளை ஓட்டி எழுத்துகளின் தரத்தைப் பாருங்கள். ஆழம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்: ஜீனோம் 50 லட்சம் எழுத்து என்றால், ஒவ்வொரு இடமும் சராசரியாக 50 தடவை படிக்கப்பட 25 கோடி எழுத்து வேண்டும். அதற்கு ரொம்பக் கீழே இருந்தால் பின்னால் வரும் எதையும் நம்புவது கஷ்டம். அப்புறம் கிராக்கன் போன்ற ஒரு கருவியில் போட்டு வேறு இனம் ஏதாவது கலந்திருக்கிறதா என்று பாருங்கள். குடலிலிருந்து வந்த மாதிரி என்றால் கலப்புக்கு எப்போதும் வாய்ப்பு உண்டு.

இங்கே நான் மூன்று வாரத்தைப் பறிகொடுத்திருக்கிறேன். ஒரு ஆய்வகத்திலிருந்து வந்த 30 சொச்சம் ஈ. கோலை மாதிரிகளில் ஒன்று மரத்தில் எங்கே வைத்தாலும் ஒட்டாமல் இரண்டு கிளைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. கிராக்கன் சொன்னது, எல்லாம் ஈ. கோலை, கலப்பே இல்லை என்று. நான் அதை நம்பி, இது ஏதோ புது வம்சம், இரண்டு கூட்டத்துக்கும் இடைப்பட்டது என்று நினைத்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினேன். கடைசியில் மூல வரிசைகளைத் திரையில் விரித்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆயிரக்கணக்கான இடங்களில், படித்த துண்டுகளில் 60 சதவீதம் ஏ என்றும் 40 சதவீதம் ஜி என்றும் சொல்லிக்கொண்டிருந்தன. பாக்டீரியாவுக்கு நம்மைப் போல ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு பிரதி கிடையாது. ஒரு இடத்தில் ஒரே எழுத்துதான் இருக்க வேண்டும். ஆக அது இரண்டு ஈ. கோலைகள் ஒரே குழாயில் வளர்ந்த கலவை. இரண்டும் ஒரே இனம் என்பதால் இனம் பிரிக்கும் கருவிக்குக் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரிக்கும் இப்படி இரட்டை எழுத்து வரும் இடங்களை எண்ணிவிட்டுத்தான் மேலே போகிறேன். நீங்களும் எண்ணுங்கள். கோத்து முடித்த ஜீனோமின் நீளமும் ஒரு நல்ல சோதனை: ஈ. கோலை என்றால் 45 லட்சத்திலிருந்து 55 லட்சம் எழுத்து வரை இருக்கலாம், 80 லட்சம் என்று வந்தால் உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

துண்டுகளை ஒன்றாகக் கோக்க ஸ்பேட்ஸ் என்கிற மென்பொருள் போதும். குட்டை வரிசைகளை, அதாவது சின்னச் சின்னத் துண்டாகப் படித்தவற்றை, வைத்துக் கோத்தால் ஜீனோம் ஒரே வட்டமாக வராது, நூற்றுக்கணக்கான துண்டாகத்தான் வரும். காரணம், ஒரே மாதிரியான பகுதி திரும்பத் திரும்ப வந்தால் கருவிக்கு எதை எதோடு ஒட்டுவது என்று தெரியாது. 1996-ல் ஜப்பானின் சகாயில் பரவிய ஓ157:எச்7-ன் ஜீனோமில் 18 ஃபேஜ்கள், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள், உறைந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் பல ஒன்றைப் போல இன்னொன்று. நச்சு மரபணு அதில் எந்த ஃபேஜில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நானோபோர் அல்லது பேக்பயோ தரும் நீள வரிசை வேண்டும். குடும்பக் கதைக்கு மட்டும் என்றால் குட்டை வரிசையே போதும்.

பூர்வீகம்

முதலில் வீட்டு முகவரி. எம்எல்எஸ்டி என்கிற முறை 1998-லிருந்து இருக்கிறது: அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான ஏழு மரபணுக்களை மட்டும் எடுத்து அவற்றின் வகைகளுக்கு எண் கொடுப்பது. சில விநாடியில் முடிந்துவிடும், உங்கள் கிருமி எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எந்த வீடு என்று தெரிய அது போதாது. அதற்கு ஜீனோம் முழுக்க ஒற்றை எழுத்து வித்தியாசங்களைத் தேட வேண்டும். இவற்றை எல்லாரும் ஸ்னிப் என்கிறார்கள்.

ஸ்நிப்பி போன்ற ஒரு கருவியில், நெருங்கிய ஒரு முழு ஜீனோமை அளவுகோலாக வைத்து, எல்லா மாதிரிகளையும் அதன் மேல் பொருத்துங்கள். அளவுகோல் தூரத்துச் சொந்தமாக இருந்தால் பொதுவான பகுதி சுருங்கிப்போகும், கிடைக்கும் ஸ்னிப்பும் குறையும். பிறகு ஃபேஜ் இருக்கும் பகுதிகள், இடம் மாறித் திரியும் சின்னத் துண்டுகள், திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். அவை சம்பாத்தியக் கணக்கைச் சேர்ந்தவை, இங்கே வந்தால் கணக்கைக் கெடுக்கும்.

மறைத்த பிறகும் ஒரு தொல்லை மிச்சம் இருக்கும். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ஈ. கோலைகளுக்கு நடுவே 46 லட்சம் எழுத்தில் 460 ஸ்னிப் இருக்கிறது. எல்லாம் ஒழுங்காகப் பரவியிருந்தால் 10,000 எழுத்துக்கு ஒன்று வர வேண்டும். நீங்கள் இடங்களை வரிசையாக எழுதிப் பார்க்கிறீர்கள், ஒன்று, ரொம்ப தூரம் தள்ளி இன்னொன்று, இன்னொன்று, திடீரென்று ஒரே இடத்தில் 12,000 எழுத்துக்குள் 400. அந்த 400-ம் தனித்தனியாக நடந்த 400 மாற்றங்கள் இல்லை. வேறொரு ஈ. கோலையின் டிஎன்ஏ துண்டு ஒரே தடவையில் உள்ளே வந்து, பழைய துண்டை அகற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இதற்குத்தான் மறுகலப்பு என்று பெயர். ஒரே ஒரு நிகழ்ச்சியை 400 என்று எண்ணினால், சகோதரர்களாக இருக்கும் இருவர் தூரத்து உறவாகிவிடுவார்கள். கபின்ஸ் என்கிற கருவி இப்படிக் குவிந்து கிடக்கும் இடங்களைக் கண்டுபிடித்து ஒதுக்கித் தரும், ஆனால் ஒரு தடவையாவது நீங்களே கண்ணால் பாருங்கள், அப்போதுதான் அது மனதில் பதியும். ஈ. கோலையில் இது அடிக்கடி நடக்கும் இடம், செல்லின் மேற்பூச்சான ஓ-சர்க்கரையைக் கட்டும் மரபணுக்கள் இருக்கும் பகுதி. ஓ157, ஓ104 என்று நாம் கொடுக்கும் பெயரே அந்தப் பூச்சை வைத்துத்தான். ஆக, பெயரில் இருக்கும் எண்ணே மாறக்கூடியது. 1992-ல் திடீரென்று தோன்றிய ஓ139 காலராவும் அப்படித்தான். உடம்பு அதே ஏழாவது உலகப் பரவலின் காலரா, மேற்பூச்சு மரபணுக்கள் மட்டும் மொத்தமாக மாற்றப்பட்டவை. எனவே ஓ-எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு கிருமிகளைச் சொந்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

மிச்சமிருக்கும் ஸ்னிப்களை ஐக்யூ-ட்ரீயில் கொடுத்தால் மரம் வரும். ஒவ்வொரு கிளை முடிச்சிலும் எவ்வளவு நம்பலாம் என்று ஓர் எண் இருக்கும். எண் குறைவாக இருக்கும் முடிச்சின் மேல் கதை கட்டாதீர்கள். வேரை நீங்களேதான் நட வேண்டும், வெளியாளை வைத்து.

பூர்வீகத்தைத் தனியாகப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஷிகெல்லாவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ரத்தபேதிக்குக் காரணமான கிருமி என்று ஜப்பானிய ஆய்வாளர் கியோஷி ஷிகா 1897-ல் கண்டுபிடித்தது. அவர் பெயராலேயே அது தனிப் பேரினமாக நான்கு இனங்களோடு பாடப்புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 2000-ல் அன்றாட மரபணுக்களை மட்டும் வைத்து மரம் வரைந்தபோது, ஷிகெல்லாக்கள் ஈ. கோலை மரத்துக்குள்ளேயே, அதுவும் ஒரே கிளையில் இல்லாமல் பல கிளைகளில் உட்கார்ந்திருந்தன. அதாவது ஷிகெல்லா என்று ஒரு குடும்பமே இல்லை. வெவ்வேறு ஈ. கோலைகள் வெவ்வேறு சமயங்களில் ஒரே தொழிலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்தத் தொழிலுக்குத் தேவையான கருவிகள், அதாவது குடல் செல்லுக்குள் நுழைவதற்கானவை, சுமார் 2,20,000 எழுத்து நீளமுள்ள ஒரு பெரிய பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையத்தில், இருக்கின்றன. அந்தப் பிளாஸ்மிடையும் சேர்த்து ஒரே மரம் போட்டிருந்தால் எல்லா ஷிகெல்லாவும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, இந்தக் கதை நம் கண்ணில் படாமலே போயிருக்கும்.

சம்பாத்தியம்

வெளியிலிருந்து வந்த துண்டு எது என்று கண்டுபிடிக்க மூன்று தடயங்களைத் தேடுங்கள். எழுத்துகளின் விகிதம் திடீரென்று மாறுவது, டிஆர்என்ஏ (புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் சின்ன ஆர்என்ஏ) மரபணுவின் பக்கத்தில் அது ஒட்டியிருப்பது, ஒரு ஓரத்தில் இன்டிகிரேஸ் என்கிற ஒட்டும் நொதியின் மரபணுவோ அதன் மிச்சமோ கிடப்பது.

ஒரு தடவை கையாலேயே செய்து பாருங்கள். ஓ157:எச்7-ன் முழு ஜீனோமை எடுத்து, ஆயிரம் ஆயிரம் எழுத்தாக நகர்ந்து, ஒவ்வொரு துண்டிலும் ஜி-யும் சி-யும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்று வரைபடம் போடுங்கள். ஈ. கோலையின் சராசரி 51-ஐ ஒட்டி இருக்கும். கோடு அந்த உயரத்திலேயே கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று போய்க்கொண்டிருக்கும். செல்-சி என்கிற டிஆர்என்ஏ மரபணு வரும், 100 எழுத்துகூட இருக்காது. அதைத் தாண்டி ஒரு ஃபேஜின் மிச்சம், அதற்கு அந்தப் பக்கம் கோடு சரிந்து 40-க்கும் கீழே இறங்கி, ஏறத்தாழ 35,000 எழுத்துக்கு அங்கேயே கிடக்கும். பிறகு பழையபடி ஏறிக்கொள்ளும். கே-12-ன் ஜீனோமை அதற்கு நேராக வைத்தால், செல்-சி வரை இரண்டும் ஒன்றாக வரும், பள்ளம் முடிந்த இடத்திலிருந்து மறுபடி ஒன்றாகப் போகும், பள்ளம் மட்டும் கே-12-ல் இருக்காது. இதற்குத்தான் நோய்த்தீவு என்று பெயர். அந்தத் தீவுக்குள் இருப்பது, குடல் செல்லுக்குள் புரதத்தைச் செலுத்தும் ஊசி போன்ற ஒரு கருவியும், செல்லோடு ஒட்டிக்கொள்ள இன்டிமின் என்கிற கொக்கியும், அந்தக் கொக்கி மாட்டிக்கொள்வதற்கான டிர் என்கிற வளையமும். வளையத்தை நம் செல் தருவதில்லை, பாக்டீரியாவே எடுத்து வந்து ஊசி வழியாக நம் செல்லில் பதித்துவிட்டு அப்புறம் அதில் மாட்டிக்கொள்கிறது. இவ்வளவும் ஒரே துண்டில், ஒரே பொட்டலமாக வந்திருக்கிறது. இதே தீவு வேறு சில ஈ. கோலை வம்சங்களில் வேறு டிஆர்என்ஏ மரபணுவின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஒட்டிய இடத்தை எப்போதும் குறித்து வையுங்கள். ஒரே தீவு, வேறு இடம் என்றால் அது பெரும்பாலும் வேறொரு தடவை வந்தது.

ஃபேஜைத் தனியாகப் பாருங்கள், குடல் கிருமிகளில் நச்சுகள் பலவும் ஃபேஜின் மேல் ஏறித்தான் வந்திருக்கின்றன. காலரா நச்சின் மரபணு ஒரு ஃபேஜினுடையது என்று வால்டரும் மெக்கலானோஸும் 1996-ல் காட்டினார்கள். அந்த ஃபேஜ் காலரா பாக்டீரியாவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் இழையும், பாக்டீரியா நம் குடலில் குடியேறப் பயன்படுத்தும் இழையும் ஒன்றே. ஆக முதல் ஆயுதம் இருந்தால்தான் இரண்டாவது ஆயுதம் உள்ளே வரவே முடியும். எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று வரிசைப்படுத்தும்போது இந்த மாதிரி சார்புகள் பெரிய உதவி. ஓ157-ன் ஷிகா நச்சும் ஃபேஜில்தான் இருக்கிறது. ஃபேஜ் உறங்கும்வரை நச்சு அதிகம் வராது. பாக்டீரியாவின் டிஎன்ஏ அடிபட்டால், ஃபேஜை உறக்கத்தில் வைத்திருக்கும் புரதம் உடைந்து, ஃபேஜ் விழித்துப் பெருகி, நச்சும் அதோடு கொட்டும். சில ஆன்டிபயாடிக்குகள் இதையே தூண்டிவிடுகின்றன. இந்த வகைத் தொற்றில் மருத்துவர்கள் அவற்றைக் கொடுக்கத் தயங்குவது அதனால்தான்.

இரண்டு கணக்கையும் பிரித்துப் படித்ததன் பலன் 2011-ல் தெரிந்தது. ஜெர்மனியில் அந்த ஆண்டு மே மாதம் தொடங்கிய பரவலில் 3,800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 800-க்கும் அதிகமானோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அறிகுறி ஓ157 மாதிரி. கிருமியோ ஓ104:எச்4, அதில் நான் மேலே சொன்ன தீவே கிடையாது. ஜீனோம் சில நாட்களிலேயே பொதுவில் வெளியிடப்பட்டு, பல நாட்டவர் இணையத்திலேயே சேர்ந்து படித்தார்கள். பூர்வீகத்தில் அது குடல்சுவரில் கூட்டமாக அப்பிக்கொண்டு வயிற்றுப்போக்கு தரும் வகை. அதன் மேல் ஷிகா நச்சு ஃபேஜ் வந்து ஏறியிருந்தது. போதாததற்கு ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தரும் ஒரு பிளாஸ்மிடும். இந்த மூன்றையும் தனித்தனிக் கணக்காக எழுதினால்தான் அந்தக் கிருமி என்னவென்று புரிகிறது. தீவு இருந்தால்தான் ஆபத்து என்று ஒரே பட்டியலை வைத்துத் தேடியிருந்தால் இது கையை விட்டு நழுவியிருக்கும்.

ஆயுத மரபணுக்களைத் தேட அப்ரிகேட், ஏஎம்ஆர்ஃபைண்டர் போன்றவை இருக்கின்றன. முடிவு ஒரு அட்டவணையாக வரும், ஆம் இல்லை என்று. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லை என்று வந்தால் மரபணு உண்மையில் இல்லையா, துண்டு முறிந்த இடத்தில் அது பாதியாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்று வந்தால் அது முழுதாக இருக்கிறதா, நடுவில் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். முழுதாக இருந்தாலும் அது வேலை செய்கிறது என்று ஜீனோம் மட்டும் சொல்லாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புதுத் திறமை எல்லாம் வெளியிலிருந்துதான் வரும் என்றில்லை. பரிணாம ஆய்வாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் 12 குடுவைகளில் ஈ. கோலை வளர்க்கத் தொடங்கினார். 31,000 தலைமுறைகளுக்குப் பிறகு ஒரே ஒரு குடுவையில், ஆக்சிஜன் இருக்கும்போது சிட்ரேட்டை உண்ணும் ஈ. கோலை தோன்றியது. மரபணு புதிதில்லை. ஏற்கெனவே இருந்த ஒன்று பிரதியெடுக்கப்பட்டு, ஆக்சிஜன் இருக்கும்போதும் இயங்கும் ஒரு சுவிட்சுக்குக் கீழே போய் உட்கார்ந்ததுதான் நடந்தது. எனவே உங்கள் கிருமியில் புது மரபணு எதுவும் கிடைக்கவில்லை என்றால், பழையவற்றின் பிரதி எண்ணிக்கையையும் அக்கம்பக்கத்தையும் பார்க்காமல் மாற்றம் ஏதும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

தொலைத்தது

இதை யாரும் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். சேர்த்தது எவ்வளவு முக்கியமோ, தொலைத்ததும் அவ்வளவு முக்கியம். ஈ. கோலையில் கேட்-ஏ என்று ஒரு மரபணு உண்டு, அது கடாவெரின் என்கிற பொருளை உண்டாக்கும் நொதிக்கானது. ஷிகெல்லாவில் அது வேலை செய்வதில்லை. 1998-ல் அதைத் திருப்பி வைத்துப் பார்த்தபோது, கடாவெரின் ஷிகெல்லாவின் நச்சின் செயலைத் தடுத்தது. அதாவது பழைய வீட்டில் பயன்பட்ட ஒரு பொருள் புதுத் தொழிலுக்கு இடைஞ்சல், அதனால் தூக்கிப் போட்டாயிற்று. வெவ்வேறு ஷிகெல்லா வம்சங்கள் அதை வெவ்வேறு விதத்தில் உடைத்திருக்கின்றன என்பதுதான் இதில் அழகு, தனித்தனியாக அங்கே வந்து சேர்ந்தன என்பதற்கு இதுவும் சாட்சி. டைபாய்டு கிருமியிலோ, 2001-ல் வெளிவந்த அதன் முதல் ஜீனோமிலேயே 200-க்கும் மேற்பட்ட செத்த மரபணுக்கள். பல விலங்குகளில் வாழும் சால்மொனெல்லா உறவினர்களுக்குத் தேவைப்படும் பல வேலைகள், மனிதனில் மட்டும் வாழும் அதற்குத் தேவையில்லை.

செத்த மரபணுவைக் கண்டால் உடனே நம்பாதீர்கள். நானோபோர் வரிசையில் ஏ ஏ ஏ ஏ ஏ என்று ஒரே எழுத்து நீளமாக வரும் இடத்தில் ஒன்று கூடும், ஒன்று குறையும். அதனால் உயிரோடு இருக்கும் மரபணு செத்ததாகத் தெரியும். குட்டை வரிசையில் அதே இடத்தைத் திறந்து பாருங்கள். அப்புறம் நெருங்கிய சொந்தங்களிலும் அதே எழுத்தில் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்; அதே இடத்தில் உடைந்திருந்தால் அது மூதாதையிடமே உடைந்தது, வேறு இடத்தில் என்றால் தனித்தனியாக நடந்தது.

காலக்கணக்கு

ஆண்டு தெரிந்த மாதிரிகள் இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். காலராவின் ஏழாவது உலகப் பரவல் கூட்டத்தில் ஜீனோமுக்கு ஆண்டுக்கு சுமார் 3.3 ஸ்னிப் சேர்வதாக 2011-ல் கணக்கிட்டார்கள். டைபாய்டு கிருமியில் அது ஒன்றுக்கும் குறைவு. ஆக ஒரு கிருமியின் வேகத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

கணக்கு எளிது, தவறுவதும் எளிது. ஒரு கிருமியில் ஆண்டுக்கு 2 ஸ்னிப் சேர்கிறது, ஒரே ஆண்டில் எடுத்த இரண்டு மாதிரிகளுக்கு இடையே 20 வித்தியாசம் என்று வையுங்கள். பலர் 10 ஆண்டு என்பார்கள். இல்லை, 5. பிரிந்த பிறகு இரண்டு பேருமே மாறிக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஆளுக்கு 10. இதுவும் தோராயம்தான், ஸ்னிப்கள் கடிகாரம் போல ஒழுங்காக விழுவதில்லை.

முழுக் கணக்கையும் பீஸ்ட் அல்லது பேக்டேட்டிங்கில் ஓட்டலாம். அதற்கு முன்னால் டெம்ப்எஸ்ட்டில் மரத்தைப் போட்டு, பிந்தைய ஆண்டு மாதிரிகள் வேரிலிருந்து அதிக தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோடு ஏறவில்லை என்றால் அந்தத் தரவில் காலம் பற்றிய தகவலே இல்லை, நிறுத்திவிடுங்கள்; மென்பொருள் எப்படியும் ஒரு ஆண்டைச் சொல்லும், அந்த ஆண்டுக்கு அர்த்தம் இருக்காது. ஒரே ஒரு கிளை மட்டும் பிறவற்றைவிட மிக நீளமாக இருந்தால், டிஎன்ஏ பிழைதிருத்தும் மியூட்-எஸ் போன்ற மரபணு அதில் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்திருந்தால் அது வேகமாக மாறும் கிருமி, அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

மூன்றையும் சேர்த்து வைப்பது

இப்போது பூர்வீக மரத்தை வரைந்து, ஒவ்வொரு கிளையின் நுனிக்கும் நேராக என்ன சேர்த்தது, என்ன தொலைத்தது என்று கட்டம் போடுங்கள். மைக்ரோரியாக்ட், ஐடால் இரண்டுமே இதை அழகாகச் செய்யும். ஒரு கூட்டம் முழுக்க ஒரே தீவு, ஒரே இடத்தில் என்றால் மூதாதையிடம் வந்தது. சிதறிக் கிடந்தால், ஒட்டிய இடத்தையும் துண்டின் எழுத்துகளையும் ஒப்பிட்டு எத்தனை தடவை வந்தது என்று எண்ணுங்கள். ஃபேஜுக்கென்று தனி மரம் போட்டு, குரோமோசோம் மரத்தோடு எதிரெதிரே வைத்துக் கோடு இழுங்கள். கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால் ஃபேஜ் ஒரு வம்சத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறது.

முடிவை எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். 2010 அக்டோபரில் ஹெய்ட்டியில் காலரா வந்தது. அதன் ஜீனோம் அதே ஆண்டு நேபாளத்தில் எடுத்த மாதிரிகளோடு ஓரிரு எழுத்து வித்தியாசத்தில் பொருந்தியது. அந்த நெருக்கம் வலுவான சாட்சி, ஆனால் அது தனியாக நிற்கவில்லை. முதல் நோயாளிகள் எங்கே, எந்த ஆற்றங்கரையில், எந்தத் தேதியில் என்கிற களத் தகவலும் அதோடு சேர்ந்து வந்தது. ஸ்னிப் தூரம் இரண்டு கிருமிகளும் நெருங்கிய சொந்தம் என்று சொல்லும், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லாது. நடுவில் நாம் மாதிரி எடுக்காத மூன்றாவது ஆள் எப்போதும் இருக்கலாம். எனவே 'இதிலிருந்து அதற்கு' என்று எழுதுவதற்குப் பதிலாக 'இரண்டுக்கும் அண்மைக் காலத்துப் பொது மூதாதை' என்று எழுதுங்கள், களத் தகவல் இருந்தால் அதைத் தனி வாக்கியமாகப் பக்கத்தில் வையுங்கள்.

அப்புறம், ஓட்டிய ஒவ்வொரு கருவியின் பதிப்பு எண், தரவுத்தளத்தை இறக்கிய தேதி, மறைத்த பகுதிகளின் பட்டியல், அளவுகோலாக வைத்த ஜீனோமின் பெயர் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி, மூல வரிசைகளோடு சேர்த்துக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். மாதிரி எடுத்த ஆண்டு, நாடு, யாரிடமிருந்து என்கிற மூன்று கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் அதில் இருக்கக் கூடாது.